மெய்ப்பிக்கும் சுமை: ரோபோடெட் விவகாரமும் அல்காரிதம் பற்றிய நம் புரிதலும்

1. ஒரு வகுத்தல் கணக்கு

ஒருவர் ஆண்டின் முதல் ஆறு மாதம் வேலை பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2,000 டாலர் வீதம் பதின்மூன்று முறை சம்பளம் வாங்குகிறார். பிறகு வேலை போய்விடுகிறது. மீதி ஆறு மாதமும் வேலையில்லாதோருக்கு அரசு தரும் உதவித்தொகையில் காலத்தை ஓட்டுகிறார். அந்த நாட்களில் தனக்கு வருமானம் இல்லை என்று ஒவ்வொரு தவணையிலும் உள்ளபடியே அறிவிக்கிறார். ஆண்டு முடிவில் வரி அலுவலகப் பதிவில் அவர் பெயருக்கு நேரே நிற்பது ஒரே எண்: 26,000. ஓர் ஆண்டில் இரு வாரத் தவணைகள் 26. எனவே 26,000ஐ 26ஆல் வகுக்கிறார்கள். தவணைக்கு 1,000 டாலர் வருகிறது. அப்படியானால் உதவித்தொகை வாங்கிய ஆறு மாதமும் அவர் தவணைக்கு 1,000 டாலர் சம்பாதித்துக்கொண்டே இருந்திருக்கிறார், அதை மறைத்திருக்கிறார், அரசுக்கு அவர் கடன்பட்டவர்.

எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கின் முறை ஆஸ்திரேலிய அரசுடையது. அங்கே சமூக நல உதவித்தொகைகளை வழங்கும் சென்டர்லிங்க், 2015இல் சோதனை அளவிலும் 2016 ஜூலை முதல் முழு அளவிலும் நடத்திய கடன் வசூல் திட்டத்தின் நடுநாயகமாக இருந்தது இந்த வகுத்தல்தான். அரசு அதற்கு வைத்த பெயர் 'இணையவழி இணக்கத் தலையீடு'. மக்கள் வைத்த பெயர் 'ரோபோடெட்', அதாவது எந்திரம் சுமத்திய கடன். 2021இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பதிவான கணக்கின்படி, ஏறத்தாழ 4,33,000 பேர் மீது 176 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன் சட்ட அடிப்படை இன்றிச் சுமத்தப்பட்டது. அதில் 75.1 கோடி டாலர் வசூலும் ஆகிவிட்டிருந்தது.

அல்காரிதம் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது மனித அறிவால் பின்தொடர முடியாத சிக்கலான செயற்கை நுண்ணறிவு. ரோபோடெட்டின் கணக்கோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் எந்திரம் அதில் இல்லை. இனம், மதம், பாலினம் எதையும் அது கேட்கவில்லை. மறைவும் இல்லாத, நேரடிப் பாரபட்சமும் இல்லாத ஒரு கணக்கு இத்தனை லட்சம் பேரைக் குற்றவாளிகளாக நிறுத்தியது எப்படி? இக்கட்டுரை ஆராயும் கேள்வி அதுவே. அல்காரிதத்தை அரசு கையில் எடுக்கும்போது முதலில் இடம் மாறுவது மெய்ப்பிக்கும் சுமை. நம் விவாதங்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகின்றன. இதுவே நான் முன்வைக்கும் கருத்து.

2. நெறிமுறை என்ற சொல்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் அல்காரிதத்தை 'நெறிமுறை' என்கிறது. நெறி என்றால் வழி, நல்வழியும் அதுதான். தேர்தல் நடத்தை நெறிமுறை என்கிறோம், ஆய்வு நெறிமுறை என்கிறோம். ஒரு வேலையைப் படிப்படியாக முடித்துத்தரும் கட்டளைத் தொடருக்கும் அறவழி நடத்தைக்கும் ஒரே சொல் அமைந்தது கலைச்சொல்லாக்கத்தில் நேர்ந்த தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல் ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறது. 'சிஸ்டம்ல எடுக்கல', 'கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது' என்று அலுவலகச் சன்னலுக்கு அப்பாலிருந்து பதில் வரும்போது, வெறும் செய்முறையாக இருந்த ஒன்று முறையான, நியாயமான ஒன்றின் மதிப்பைப் பெற்றுவிடுகிறது. எதிரே நிற்பவர் வாய் அடைத்துப்போகிறார். இரு பொருளும் குழம்பாமலிருக்க இக்கட்டுரையில் அல்காரிதம் என்றே எழுதுகிறேன்.

3. இதுவரையான புரிதல்கள்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் அல்காரிதம் குறித்து எழுந்த விமர்சனங்களில் இரண்டு போக்குகள் வலுவானவை. முதலாவது, மறைவு பற்றியது. ஃபிராங்க் பாஸ்குவேல் 2015இல் வெளியிட்ட 'கறுப்புப் பெட்டிச் சமூகம்' என்ற நூல் இதன் அடையாளம். நம்மைப் பற்றி முடிவெடுக்கும் கணக்குகள் வணிக ரகசியமாக மூடிவைக்கப்பட்டுள்ளன, அவற்றைத் திறந்து காட்ட வேண்டும் என்பது இவ்வாதம். இரண்டாவது, பாரபட்சம் பற்றியது. 2016 மே மாதம் புரோபப்ளிகா என்ற அமெரிக்க இதழியல் நிறுவனம், ஃபுளோரிடாவின் பிரோவர்ட் மாவட்டத்தில் கைதானவர்கள் மீண்டும் குற்றம் செய்வார்களா என்று மதிப்பெண் போடும் காம்பாஸ் என்ற மென்பொருளை ஆராய்ந்தது. பிற்பாடு எந்தக் குற்றமும் செய்யாதவர்களை 'ஆபத்து மிகுந்தவர்' என்று தவறாக முத்திரையிட்டது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தவரும் ஒரே விகிதத்தில்தான் மீண்டும் கைதானார்கள் என்று மென்பொருள் நிறுவனம் பதில் சொன்னது. இரு தரப்பும் சரியான எண்களையே காட்டின. மீண்டும் கைதாகும் அடிப்படை விகிதங்கள் இரு குழுக்களிடையே வேறுபடும்போது இந்த இரு வகை நியாயத்தையும் எந்தக் கணக்காலும் ஒருசேரத் தர முடியாது என்று ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினார்கள். அது அரிய முடிவு.

இந்த இரு போக்குகளின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டுமே கணக்கின் உள்ளே குற்றத்தைத் தேடுபவை. திறந்து பார்த்தால் சரியாகிவிடும், தரவைச் சீர்செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் இருக்கிறது. வேறொரு பாதையில் நடந்தவர்கள் குறைவு. சட்ட அறிஞர் டேனியல் சிட்ரன் 2008இலேயே, தானியங்கி முறைகள் அறிவிப்பு, விசாரணை, முறையீடு என்ற பழைய சட்டப் பாதுகாப்புகளைச் சத்தமில்லாமல் கரைத்துவிடுகின்றன என்று எழுதினார். வர்ஜீனியா யூபாங்க்ஸ் 2018இல் வெளியிட்ட நூலில், இத்தகைய கருவிகள் முதலில் ஏழைகள் மீதே ஏவப்படுகின்றன என்பதைக் களத்தில் அலைந்து காட்டினார். இன்னும் பின்னே போனால், வரலாற்றாசிரியர் தியோடோர் போர்ட்டர் 1995இல் வைத்த வாதம் இருக்கிறது: தன் முடிவுகள் மீது வெளியார் சந்தேகம் கொள்ளும்போதுதான் அதிகார வர்க்கம் எண்களிடம் தஞ்சம் புகுகிறது, எண் என்பது தன் தீர்ப்புக்குத் தான் பொறுப்பேற்காமல் இருக்கும் வழி. ரோபோடெட்டைப் புரிந்துகொள்ள இம்மூவரும் முதல் இரு போக்குகளைவிட அதிகம் உதவுகிறார்கள்.

4. கடிதம் வந்தவர்கள்

வரி அலுவலகத்தின் ஆண்டுக் கணக்கையும் சென்டர்லிங்கின் தவணைக் கணக்கையும் ஒப்பிடுவது 2015இல் தோன்றிய புது யோசனையன்று. முன்பும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ஓர் அலுவலர் கோப்பை எடுப்பார். தேவைப்பட்டால் வேலை கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு எந்தத் தவணையில் எவ்வளவு சம்பளம் என்று உறுதிசெய்வார். அந்த வேலைக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோப்புகளே பார்க்க முடிந்தது. புதிய திட்டம் அலுவலரின் இந்த வேலையை நீக்கியது. வாரத்துக்கு 20,000 கடிதங்கள் போகத் தொடங்கின.

கடிதம் பெற்றவர் இணையத்தில் நுழைந்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு எந்த இரு வாரத்தில் எவ்வளவு வாங்கினார் என்பதைச் சம்பளச் சீட்டோடு நிறுவ வேண்டும். 2010-11 வரை பின்னோக்கிப் போன கணக்குகள் உண்டு. வேலை கொடுத்த உணவகம் அதற்குள் மூடப்பட்டிருக்கலாம். கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். முதற்கட்டக் கடிதங்களில் உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கூட இல்லை என்பதை 2017 ஏப்ரலில் காமன்வெல்த் குறைதீர்ப்பாளரின் அறிக்கை பதிவுசெய்தது. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ, அந்த வகுத்தல் விடையே உண்மை என்று ஆகிவிடும். அதன்மேல் பலருக்கு 10 விழுக்காடு வசூல் கட்டணமும் சேர்ந்தது. தொகை தனியார் கடன் வசூல் நிறுவனங்களிடம் போனது. 2016 டிசம்பரில் துறை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, உங்களைக் கண்டுபிடிப்போம், திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், சிறைக்கும் போக நேரலாம் என்று எச்சரித்தார்.

சராசரி யாரைத் தாக்கும் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரரின் வருமானத்தை 26ஆல் வகுத்தால் உண்மையே கிடைக்கும். வகுத்தல் பொய்யாவது, வருமானம் ஏறி இறங்கும் இடத்தில்: பழத்தோட்டத்தில் பருவகால வேலை பார்ப்பவர், அழைத்த நாளில் மட்டும் பாடம் எடுக்கும் ஆசிரியர், விடுமுறையில் கடையில் நிற்கும் மாணவர், நோயால் பாதி ஆண்டு படுத்திருந்தவர். உதவித்தொகையே இப்படிப்பட்டவர்களுக்காக ஏற்பட்டது. ஆகவே இந்தக் கணக்கில் பிழை எங்கோ ஓரத்தில் ஏற்படவில்லை. எந்த மக்களுக்காகத் திட்டம் இருந்ததோ அவர்கள் மீதே அது தவறாக விழும்படி அமைந்திருந்தது. இதையும் பாரபட்சம் என்று அழைக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாரபட்சத்தைத் தரவைத் துப்புரவாக்கி நீக்கியிருக்க முடியாது. தரவு சரியாகவே இருந்தது. 26,000 என்பது உண்மையான எண்.

5. சுமை கைமாறிய இடம்

ஆஸ்திரேலியச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1991இன்படி இந்த உதவித்தொகைகளுக்கான வருமானம் இரு வாரத் தவணைக்கே கணக்கிடப்பட வேண்டும். ஒருவர் கடன்பட்டிருக்கிறார் என்று அரசு சொன்னால் அதை மெய்ப்பிக்க வேண்டியது அரசு. இது அவர்கள் சட்டத்துக்கு மட்டும் உரிய நுணுக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடம் வந்து 'நீ எனக்குப் பத்தாயிரம் தர வேண்டும்' என்றால், 'எப்போது வாங்கினேன், காட்டு' என்றுதான் கேட்போம். 'வாங்கவில்லை என்று நீ காட்டு' என்று அவர் சொன்னால் ஊர் ஒப்புமா?

இதைச் சட்ட மொழியில் முதலில் சொன்னவர் டெர்ரி கார்னி. நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர். 2017 மார்ச்சில் தன்முன் வந்த ஒரு வழக்கில், ஆண்டு வருமானத்தின் சராசரி ஒரு தவணையின் வருமானத்துக்குச் சான்றாகாது, எனவே கடன் நிறுவப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். உதவித்தொகை பெற்றவர் தன் நிரபராதித்தன்மையை நிறுவ வேண்டிய கடமை இல்லை என்பதே அதன் சாரம். அவர் அப்படி ஐந்து தீர்ப்புகள் தந்தார். அரசு ஒன்றையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. மேல்முறையீடு செய்திருந்தால் விவாதம் பொதுவெளிக்கு வந்திருக்கும். தீர்ப்பாயத்தின் முதல் நிலைத் தீர்ப்புகள் அப்போது வெளியிடப்படவில்லை என்பதால் அந்த ஐந்து பேரின் கடன் மட்டும் நின்றது. மற்ற லட்சக்கணக்கானோருக்குக் கடிதம் தொடர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கார்னியின் பதவிக்காலம் புதுப்பிக்கப்படவில்லை.

திட்டம் தொடங்கும் முன்பே, 2014இல், சமூக சேவைத் துறையின் சட்ட வல்லுநர்கள் இந்த முறை சட்டத்தோடு ஒத்துப்போகாது என்று எழுத்தில் சொல்லியிருந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. 2019 நவம்பரில் மெல்போர்னைச் சேர்ந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், சராசரியை மட்டும் வைத்துக் கடன் சுமத்தியது சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூனில் கூட்டு வழக்கின் சமரசத்தை ஏற்ற நீதிபதி பெர்னார்ட் மர்ஃபி, பொது நிர்வாகத்தின் மாபெரும் தோல்வி என்று இதைக் குறிப்பிட்டார். குவின்ஸ்லாந்தின் முன்னாள் தலைமை நீதிபதி கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2023 ஜூலை 7 அன்று 57 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அந்த ஆணையத்தின் முன், கடிதங்கள் வந்த நாட்களில் தம் பிள்ளைகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் சாட்சி சொன்னார்கள்.

எந்தக் கட்டத்திலும் கணக்கு ரகசியமாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2017 தொடக்கத்திலேயே 'என் கடன் இல்லை' என்ற பெயரில் தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி, வகுத்தலின் பிழையைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். நாடாளுமன்றம் விசாரித்தது. பத்திரிகைகள் எழுதின. பெட்டி திறந்தே கிடந்தது. திறந்த பெட்டி கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஓடியது.

6. ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

இது அல்காரிதத்தின் கதையே இல்லை, அரசியலின் கதை என்று ஒருவர் வாதிடலாம். வரவு செலவுத் திட்டத்தில் சேமிப்புக் காட்ட வேண்டும் என்ற அழுத்தம், உதவித்தொகை வாங்குவோர் ஏமாற்றுக்காரர்கள் என்ற பரவலான எண்ணம், சட்ட ஆலோசனையை மறைத்த அதிகாரிகள். இவைதாமே காரணம்? சராசரி எடுப்பதை முன்பும் அலுவலர்கள் சில நேரம் செய்திருக்கிறார்களே? ஆணையத்தின் அறிக்கையும் மனிதர்களின் தவறுகளைத்தான் பக்கம் பக்கமாக விவரிக்கிறது.

இந்த மறுப்பில் பாதி உண்மை. கணக்குக்குத் தனியே நோக்கம் கிடையாது என்பதை ஏற்கிறேன். ஆனால் மறுபாதியைப் பார்க்க வேண்டும். அநீதியான கட்டளை ஒரு கோப்பாக அலுவலர் மேசைக்கு வரும்போது அங்கே ஓர் உராய்வு இருக்கிறது. அவருக்கு நேரம் போதாது, ஐயம் வரும், எதிரே அழுபவரின் முகம் தெரியும், மேலதிகாரியிடம் கேட்பார். இந்த உராய்வைத் தாமதம் என்றும் திறமைக்குறைவு என்றும் நாம் திட்டியிருக்கிறோம். லஞ்சத்துக்கும் அது வழி விட்டிருக்கிறது. அதே உராய்வுதான் ஆண்டுக்கு 20,000 என்ற வரம்பையும் போட்டது. ஆளின் உழைப்பு தேவைப்பட்டவரை, ஒருவரைக் கடன்காரர் என்று சொல்ல அரசுக்கும் செலவு இருந்தது. எந்திரம் அந்தச் செலவை ஏறத்தாழ இல்லாமலாக்கியது. ஆனால் சரிபார்க்கும் உழைப்பு மறைந்துவிடவில்லை. அலுவலர் மேசையிலிருந்து வாடகை வீட்டுச் சமையலறை மேசைக்கு அது போனது. இரவு வேலை முடித்து வந்தவர் பழைய சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அரசு சேமித்ததாகச் சொன்ன தொகையில் இந்த உழைப்பின் விலை எங்கும் கழிக்கப்படவில்லை.

7. சிக்கலான கணக்கும் அதே முடிவும்

நெதர்லாந்தின் குழந்தைப் பராமரிப்பு மானிய விவகாரம் பல வகையிலும் ரோபோடெட்டுக்கு நேரெதிர். அங்கே வரி அலுவலகம் 2013 முதல் பயன்படுத்தியது தரவிலிருந்து கற்கும் ஆபத்து மதிப்பீட்டு முறை. விண்ணப்பதாரர் டச்சுக் குடிமகனா இல்லையா என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. கறுப்புப் பெட்டி, பாரபட்சம் இரண்டும் உண்டு. இறுதி முடிவை மனித அலுவலரே எடுத்தார். ஆனால் மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்று அவருக்கே சொல்லப்படவில்லை. ஒரு கையெழுத்து விடுபட்டதற்கும் சிறுதொகை கட்டத் தவறியதற்கும் முழு ஆண்டு மானியத்தையும் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரம் யூரோ கடனில் குடும்பங்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு பராமரிப்பில் வைக்கப்பட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2021 ஜனவரி 15 அன்று அப்போதைய பிரதமர் மார்க் ரூட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது.

அங்கும் பெற்றோரின் கையில்தான் மெய்ப்பிக்கும் சுமை இருந்தது. எந்த ஆவணம் குறைகிறது என்று சொல்லாமலே ஆவணம் அனுப்பச் சொன்னார்கள். தங்கள் கோப்பைக் கேட்டுப் பெற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசப்பட்ட தாள்கள் கிடைத்தன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இன்னும் தெளிவான சான்று. 2013 முதல் 2015 வரை அங்கே மிடாஸ் என்ற மென்பொருள் வேலையின்மை உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடித்தது. அதுவும் காலாண்டு வருமானத்தை வாரங்களுக்குப் பரப்பியது. கேள்வித்தாளுக்குக் குறித்த நாளில் பதில் வராவிட்டால் மோசடி என்று முடிவுகட்டியது. தண்டம் நான்கு மடங்கு. எந்திரமே தனித்து முடிவெடுத்த 22,427 கோப்புகளை மாநில அரசு பின்னர் மறுபடி பார்த்தபோது 20,965 தவறு என்று தெரிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. இது குறித்து 2015 ஏப்ரலிலேயே அங்கு வழக்கு நடந்தது. அடுத்த மாதம் ஆஸ்திரேலிய வரவு செலவுத் திட்டத்தில் ரோபோடெட் அறிவிக்கப்பட்டது.

எளிய கணக்கு ஒன்று, சிக்கலான கணக்கு ஒன்று. மனிதர் இருந்த இடம் ஒன்று, இல்லாத இடம் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக எஞ்சுவது, பதில் சொல்ல முடியாதவரின் மௌனத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொண்ட ஏற்பாடு.

8. பெயரும் தலைப்பெழுத்தும்

நம் நாட்டுக்கு வருவோம். தெலங்கானா அரசு 'சமக்ர வேதிகா' என்ற மென்பொருளால் பல துறைகளின் பதிவேடுகளை இணைத்து, ஒரே ஆள் எந்தெந்தப் பதிவில் இருக்கிறார் என்று பொருத்திப் பார்த்தது. கார் வைத்திருப்பவர், வசதி உள்ளவர் என்று தெரிந்தால் உணவுப் பாதுகாப்பு அட்டைக்குத் தகுதி இல்லை. அம்மாநிலத்தில் 2016ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 19 லட்சம் அட்டைகள் ரத்தாயின. ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவர், பெயர் ஒற்றுமையால் கார் உரிமையாளராகக் கொள்ளப்பட்டதையும் அவர் குடும்பம் அரிசி இழந்ததையும் 2024இல் ஓர் இதழியல் விசாரணை வெளிக்கொணர்ந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்தான அட்டைகளை வீடு வீடாகக் கள ஆய்வு செய்யச் சொன்னது. அந்த உத்தரவை நான் சுமையைத் திருப்பி வைத்த செயலாகவே வாசிக்கிறேன்: அரசு நடந்து போய்ப் பார்க்கட்டும்.

பெயரைப் பொருத்திப் பார்க்கும் அல்காரிதங்கள் நம்மிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தனி ஆய்வுக்கு உரியது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்களை அவற்றில் பல எதிர்பார்க்கின்றன. தமிழர் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரியும். பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் அந்த எழுத்தே மாறும். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதுவதில் ஒரு வீட்டுக்குள்ளேயே ஒற்றுமை இருக்காது. மனிதக் கண்ணுக்கு இது ஒரே கயல்விழி. எந்திரத்துக்கு இரண்டு பேர். அல்லது, தளர்வாகப் பொருத்தச் சொன்னால், ஊரிலுள்ள நான்கு செல்விகளும் ஒருத்தி. பொருந்தாமையின் விலையைச் செலுத்துவது பெரும்பாலும் பெண்கள் என்பது என் கணிப்பு; ஆவணங்களில் பெயர் மாறும்படி வாழ்க்கை அமைந்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டின் அனுபவத்தில் ஒரு முக்கியமான எதிர்ச்சான்றும் உண்டு. 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்காமல் எல்லா அட்டைதாரருக்கும் உரிய பொதுத் திட்டமாகவே தொடர்ந்தது. அரிசி எல்லோருக்கும் உண்டு என்றால் யாருக்கு இல்லை என்று கண்டுபிடிக்கும் கணக்கே வேண்டாம். அல்காரிதத்தை எப்படி நியாயமாக்குவது என்ற விவாதத்தில், பிரிக்கத்தான் வேண்டுமா என்ற முந்தைய கேள்வி தொலைந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை இந்த மாநிலம் ஒருமுறை கேட்டு, விடையும் சொல்லியிருக்கிறது.

9. சட்டம் எதைத் தேடுகிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2018 முதல், முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்படும் முடிவுகளிலிருந்து குடிமக்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. மனித அலுவலர் ஒருவர் நடுவே அமர்ந்திருந்த நெதர்லாந்து வகை ஏற்பாட்டை அதற்கு வெளியே நிறுத்த வாதம் செய்ய இடமுண்டு. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த இடத்தை ஓரளவு சுருக்கியது. 2024இல் நடைமுறைக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டமோ, மனிதர் மட்டுமே வகுத்த விதிகளை நிறைவேற்றும் மென்பொருளைத் தன் வரையறைக்குள் கொள்ளவில்லை என்று முகவுரையில் சொல்கிறது. 26ஆல் வகுக்கும் கணக்கு அதன் பிடிக்குள் வராது. எந்திரத்தின் அறிவை அளந்து ஆபத்தை அளக்கும் சட்டம், அறிவே இல்லாத கணக்கு செய்யும் கேட்டைக் காணாது. இந்தியாவின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, முடிவெடுக்கப் பயன்படும் தரவு சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தானியங்கி முடிவை ஏற்க மறுக்கும் உரிமையை அது தரவில்லை. தரவு சரியாக இருந்தும் நடந்த அநீதியைத்தான் இவ்வளவு நேரமும் பார்த்தோம்.

ஹோம்ஸ் ஆணையம் தானியங்கி முடிவுகளுக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கச் சொன்னது: மறுபரிசீலனைக்குத் தெளிவான வழி, எளிய மொழியில் விளக்கம், விதிகளையும் அல்காரிதத்தையும் வெளியார் ஆராயத் திறந்து வைப்பது. மூன்றும் வேண்டியவை. ஆயினும் 2017இல் முறையீட்டு வழி இருந்தது, விளக்கம் ஊருக்கே தெரிந்திருந்தது. முடிவு நிறுவப்படும்வரை பணம் பிடிக்கக் கூடாது, நிறுவ வேண்டியவர் குற்றம் சாட்டுபவரே என்ற விதியைக் கணக்கோடு சேர்த்து எழுதாமல் இந்த மூன்றும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

இந்தக் கேள்வி நமக்குத் தூரத்தில் இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதி வரம்புகள் வைக்கப்பட்டன: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், ஆண்டு மின்பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள், நிலம், வாகனம் பற்றிய நிபந்தனைகள். ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. ஒரு கோடியே ஆறு லட்சம் பேர் தேர்வானார்கள். அரசுத் துறைகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுத் தகுதி பார்க்கப்பட்டது. ஏற்கப்படாதவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. 30 நாளுக்குள் இணையவழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வாய்ப்பும் தரப்பட்டது. ரோபோடெட்டின் முதல் கடிதத்தில் தொலைபேசி எண்ணே இல்லாததோடு ஒப்பிட்டால் இது மேலான ஏற்பாடு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும் கொடுக்க மறுப்பதும் ஒன்றாகா என்பதும் உண்மை. எனினும் அளவுகோல் இங்கும் அதேதான். ஒரு வீட்டு இணைப்பில் மூன்று குடித்தனங்கள் இருந்து மின்பயன்பாடு 3,600ஐத் தாண்டினால், அந்த மூன்று குடும்பங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை யாருடையது? குறுஞ்செய்தி கண்ட பெண் கூலி விட்டு இ-சேவை மையத்துக்குப் போகிறாரா, அலுவலர் அந்த வீட்டு வாசலுக்கு வருகிறாரா?